சத்தம் நின்றால் கையைத் தூக்கு

சிறுவாச்சூர்
20.1.2025

பூங்குழலியின் தாத்தாவுக்கு,

சிந்தாமணி எழுதுகிறேன். நானும் மகனும் மருமகளும் சுகம். பசு சினையாக இருக்கிறது.

நேற்று போன் போட்டேன். நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு வீரம்மாள், "என்னக்கா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று ஓடி வந்துவிட்டாள். உங்களுக்கு மட்டும் கேட்கவில்லை. "ஆங்? ஆங்?" என்றீர்கள், வைத்துவிட்டீர்கள். இனி போன் கிடையாது. செல்லில் எழுத்தைத் தேடித் தேடி அமுக்கவும் எனக்கு வராது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்ததற்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது. நீங்களும் எழுதுங்கள். நம் தெரு முத்தமிழ்செல்வன் உங்கள் சிமெண்ட் ஆலைக்குத்தானே லாரி ஓட்டுகிறான், அவனிடம் கொடுத்துவிட்டால் வந்து சேரும்.

புரட்டாசியில் மண் அள்ளுகிற நம் குட்டி லோடரை லாரியில் ஏற்றிக்கொண்டு அரியலூருக்குப் போனவர் தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. "காது மந்தமான ஆளுக்கு வண்டி வேலை எதுக்கு?" என்று சொந்தக்காரர்கள் முன்னால் நான் கேட்டது உங்களுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. இல்லாததையா சொன்னேன்? வா என்று கூப்பிட மாட்டேன். பஸ் எங்கே நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நம் பேத்தி நர்சிங்கில் வகுப்பிலேயே முதலாக வந்திருக்கிறாள். மதுரகாளியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை பார்த்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டேன். தெரியாதவர்களுக்கும் சொன்னேன்.

நெல்லிக்காய் ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன். ஈரக் கையை விடாதீர்கள்.

இப்படிக்கு,
சிந்தாமணி

அரியலூர்
27.1.2025

சிந்தாமணிக்கு,

ஊறுகாய் வந்தது. உப்பு கொஞ்சம் தூக்கல். பேத்தி விஷயம் படித்து, கேண்டீனில் நாலு பேருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

வேலை நன்றாகப் போகிறது. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டிக் கிடக்கிற தூளை அள்ளுகிறேன். பெரிய வண்டி அங்கே நுழையாது. நம் குட்டி நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்பி அள்ளிக்கொண்டு வந்துவிடும். தூசிதான் எமன். காலையில் முதல் வேலை, எண்ணெயைக் குளிர வைக்கிற ரேடியேட்டரைக் காற்றடித்து ஊதுவது. ஊதாவிட்டால் மத்தியானத்துக்குள் எண்ணெய் கொதித்துவிடும். எண்ணெய் சூடானால் வண்டிக்குத் தெம்பு போய்விடும். இந்த வண்டிக்கு எண்ணெய்தான் ரத்தம். தூக்குவது, கவிழ்ப்பது, ஓடுவது எல்லாம் அதன் அழுத்தத்தில்தான்.

பழைய பருத்தித் துணி இருந்தால் அனுப்பு. நூல் உதிராததாக இருக்கட்டும். எண்ணெயில் ஒரு பிசிறு விழுந்தாலும் வால்வில் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

ஆளை ஞாபகம் இருக்கிறதா என்று பசுவைக் கேள்.

சிங்காரவேலு

சிறுவாச்சூர்
3.2.2025

பூங்குழலியின் தாத்தாவுக்கு,

பசுவுக்கு ஞாபகம் இல்லையாம்.

துணி அனுப்பியிருக்கிறேன். என் பச்சை நூல் சேலை. நாலு முறை துவைத்து, ஓரம் மடித்துத் தைத்திருக்கிறேன், ஒரு நூல் பிரியாது. வண்டியில் பக்கெட்டைத் தூக்குகிற இரண்டு கையையும் மேலே தூக்கி வைத்துவிட்டு அடியில் நுழைகிற பழக்கம் இன்னும் இருக்கிறதா? முட்டுக் கம்பி போடாமல் நுழைந்தீர்கள் என்று கேள்விப்பட்டால் அங்கேயே வந்து கேட்பேன். குழாயில் ஒழுகல் பார்க்கவும் விரலை வைக்காதீர்கள், அட்டையை வைத்துப் பாருங்கள். ஊசி மாதிரி பீய்ச்சுகிற எண்ணெய் தோலுக்குள் ஏறினால் கையையே எடுக்க வேண்டி வரும் என்று நீங்கள்தானே எனக்குச் சொன்னீர்கள்.

பூங்குழலி திருச்சியில் ஒரு காது டாக்டரை விசாரித்து வைத்திருக்கிறாள். சொல்லிவிட்டேன். அப்புறம் உங்கள் இஷ்டம்.

இப்படிக்கு,
சிந்தாமணி

அரியலூர்
12.2.2025

சிந்தாமணிக்கு,

அந்தப் பச்சைச் சேலையை ஏன் கிழித்தாய்? தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்ததல்லவா? அதில் துடைக்க மனசு வரவில்லை. மடித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.

வண்டிக்கு உடம்பு சரியில்லை. ஒரு வாரமாகக் கை தூக்கும்போது விட்டு விட்டு உதறுகிறது. சூடு ஏறிவிட்டால் பாதியில் நின்றுவிடுகிறது. எண்ணெய் பார்க்கிற கண்ணாடியில் மோர் கடைந்த மாதிரி நுரை. எண்ணெய் குறையவில்லை, தரையில் ஒரு சொட்டு இல்லை. ஃபில்டர் புதிதுதான், போன மாசம் நானே மாற்றினேன். மெக்கானிக் காசிநாதன் வந்தார். ஷெட்டில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணாமலே சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, பம்ப் போயிருக்கும்ணே. இந்த வயசு வண்டிக்குப் புது பம்ப் போடுறதுக்கு, இருக்கிற நிலையில தள்ளிவிட்டுடலாம்" என்றார். வாங்க ஆளும் இருக்கிறதாம்.

ஆலை சூப்பர்வைசர் இருபத்து நாலாம் தேதி திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்பாராம். அதற்குள் சரியாகாவிட்டால் வேறு வண்டி வந்துவிடும். வண்டியைக் கொடுத்துவிட்டு நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. மாட்டுக்குப் புல் அறுப்பேனோ என்னவோ. நீ சொன்னதுதான் நடக்கப் போகிறது. சந்தோஷமாக இரு.

சிங்காரவேலு

சிறுவாச்சூர்
15.2.2025

பூங்குழலியின் தாத்தாவுக்கு,

நீங்கள் எடுத்தது மெரூன். பச்சை என் தம்பி எடுத்தது. கண்ணும் போய்விட்டதா?

கடிதத்தைப் படித்ததும் முத்தமிழ்செல்வனைக் கூப்பிட்டு, அடுத்த நடை போகும்போது வண்டி ஓடுகிறதை செல்லில் படம் பிடித்துக்கொண்டு வரச் சொன்னேன். இன்று காட்டினான். படத்தை நான் பார்க்கவில்லை, காதில் வைத்துக் கேட்டேன். அது பழைய சத்தம் இல்லை. என்ஜின் ஓடும்போதே பின்பக்கத்திலிருந்து ஊளை விடுகிறது, கை தூக்கினால் இன்னும் கூடுகிறது. இத்தனை நாளாய் உங்கள் முதுகுக்குப் பின்னால் அது கத்திக்கொண்டிருக்கிறது. உங்களுக்குத் தெரியவில்லை.

நம் கிணற்று மோட்டாரும் ஒரு கோடையில் இப்படித்தான் கத்தியது. தண்ணீர் விட்டு விட்டு நுரையோடு வந்தது. மோட்டார் போச்சு என்று கழற்றிப் போட்டீர்கள். கடைசியில் உறிஞ்சுகிற குழாயின் மூட்டுதான் லூசாக இருந்தது, காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. உறிஞ்சுகிற பக்கத்தில் ஓட்டை இருந்தால் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். நீங்கள் எழுதியதும் அதே கதையாகத்தான் இருக்கிறது. டேங்க்கிலிருந்து பம்புக்கு வருகிற குழாயில் டேங்க் பக்கத்துக் கிளிப்பைப் பாருங்கள். அங்கேதான் இருக்கும்.

இதை எழுதாமல் விட்டால் நீங்கள் வண்டியை விற்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். முத்தமிழ்செல்வன்கூட, "பேசாம இருந்துடு அத்தை, மாமா தன்னால வந்துடுவாரு" என்றான். யோசித்தேன். தோற்றுப்போய் வாசலில் வந்து உட்காருகிற ஆளுக்கு என்னால் சோறு போட முடியாது. வந்தால் வண்டியோடு வாருங்கள்.

இப்படிக்கு,
சிந்தாமணி

அரியலூர்
19.2.2025

சிந்தாமணிக்கு,

கிளிப்பை முறுக்கிப் பார்த்தேன். உதறல் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நீ சொல்கிற கணக்கு சரி. காற்றுதான்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வண்டியின் கைகளைத் தரையில் இறக்கி வைத்து, என்ஜினை ஓடவிட்டு, உறிஞ்சுகிற பக்கத்து மூட்டு ஒவ்வொன்றிலும் கெட்டியாக கிரீஸை அப்பிக்கொண்டே வர வேண்டும். எந்த மூட்டில் அப்பினதும் ஊளை நிற்கிறதோ அங்கேதான் ஓட்டை. நுரை அடங்க நேரமாகும், சத்தம் உடனே நின்றுவிடும்.

எனக்கு அது கேட்காது. இங்கே கேட்கிற ஆட்களுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் இங்கே யாரிடமும் நான் காது விஷயத்தைச் சொல்லவில்லை. ஒருவனைக் கூப்பிட்டு, "எனக்குக் கேட்காது, நீ கேட்டுச் சொல்" என்று நிற்க எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு வேலை இல்லை. ஷெட்டில்தான் இருப்பேன். பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு நிறைய பஸ் இருக்கிறது. சும்மா தகவலுக்கு எழுதினேன்.

சிங்காரவேலு

அரியலூர்
25.2.2025

சிந்தாமணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு வாய் டீ கூடக் குடிக்காமல் சாயங்கால பஸ்ஸைப் பிடித்துவிட்டாய். அதனால் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

நான் பின்கதவைத் திறந்து, கிரீஸ் டப்பாவோடு நின்றேன். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. சத்தம் நின்றால் தூக்கச் சொல்லியிருந்த உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சொன்ன டேங்க் கிளிப்பில் அப்பினேன், கை மடியிலேயே இருந்தது. பம்ப் வாயில் அப்பினேன், அசையவில்லை. குழாய் வளைவில் அப்பினபோது நீ கையை எடுத்தாய், எனக்குப் பகீர் என்றது. பார்த்தால் ஈ ஓட்டுகிறாய். கடைசியாக அதே குழாயில் ஃபில்டர் உட்காருகிற இடத்தில் அப்பினேன். நீ எழுந்தே நின்றுவிட்டாய், ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு. பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி.

ரப்பர் ரிங் மடிந்து உட்கார்ந்திருந்தது. ஃபில்டரை மாற்றினபோது நான் பார்த்துப் போட்டிருக்க வேண்டும். நீ சொன்ன இடம் இல்லை என்பதையும் மறக்காமல் தெருவில் சொல்.

புது ரிங் போட்டேன். நேற்று முழுக்க ஓடினேன். கண்ணாடியில் எண்ணெய் தேன் மாதிரி நிற்கிறது, கை வெண்ணெயாக ஏறி இறங்குகிறது. சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, வேறு வண்டி வேண்டாம் என்றார். காசிநாதனிடம் சொன்னேன், "அண்ணே, உங்க வீட்டம்மாவை எங்க ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்க" என்கிறார். மாட்டேன் என்றேன்.

சேலைத் துண்டு ஒன்றை எடுத்து அந்த இடத்தைத் துடைத்தேன். உன் தம்பி எடுத்ததுதானே.

ஞாயிறுதோறும் ஒருமுறை வந்து சத்தம் கேட்டுவிட்டுப் போனால் வண்டிக்கு நல்லது. ஷெட்டுக்குப் பின்னால் ஓட்டு வீடு ஒன்று காலியாக இருக்கிறது, வேப்பமரத்தோடு. அதுவும் சும்மா தகவலுக்குத்தான்.

சிங்காரவேலு

சிறுவாச்சூர்
28.2.2025

பூங்குழலியின் தாத்தாவுக்கு,

வண்டிக்கு நல்லதாம்! ஐந்து மாசத்துக்கு மேல் ஆயிற்று உங்களுக்கு இந்த ஒரு வரி எழுத.

டேங்க் கிளிப் இல்லையென்றால் என்ன, காற்று என்று சொன்னது யார்? தெருவில் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கு ஞாயிறு பஸ்ஸில் ஆட என் இடுப்புக்கு ஆகாது. பசுவை மருமகள் பார்த்துக்கொள்கிறாள். "போயிட்டு வாங்க அத்தை, எனக்கும் வூட்டுல ரெண்டு நாள் அமைதி கிடைக்கும்" என்று சிரிக்கிறாள். அந்த ஓட்டு வீட்டுக்குச் சொல்லி வையுங்கள். ஒட்டடை அடித்து வையுங்கள். அம்மியை முத்தமிழ்செல்வன் இன்றே லாரியில் ஏற்றிவிட்டான், அதனால் இனி மனசு மாற முடியாது.

ஒரு பேச்சு மட்டும். திருச்சி காது டாக்டரிடம் பூங்குழலி நாள் குறித்துவிட்டாள். கூட நான் வருவேன். வண்டிக்கு ஒரு ரிங் போட்ட மாதிரி உங்களுக்கும் எதையோ மாட்டிவிடுவார். சூப்பர்வைசரிடமும் நீங்களே வாய் திறந்து சொல்லிவிடுங்கள். பின்னால் வருகிற லாரியின் ஹாரன் கேட்காமல் நீங்கள் அங்கே சுற்றுவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஞாயிறு சாயங்காலம் வந்துவிடுவேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம், கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்க இங்கே நான் இருக்க மாட்டேன். திங்கட்கிழமை காலையில் ரேடியேட்டரை ஊதுங்கள், எண்ணெயைப் பாருங்கள். ஆனால் நான் வந்து பக்கத்தில் நிற்கிற வரைக்கும் சாவியைத் திருப்பாதீர்கள்.

சிந்தாமணி