தெரிந்துதான் கட்டிக்கொண்டேன்

ஜொகூர் பாரு
ஞாயிறு காலை

அன்புள்ள மதிக்கு,

கஸ்தூரி எழுதுவது. நானும் லோஷினியும் நன்றாக இருக்கிறோம். உங்கள் அக்கா கைச் சாப்பாட்டில் நீங்களும் கொஞ்சம் தேறியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனைப் பார்க்கவே பயமாக இருக்கிறது என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். உங்கள் அக்கா போனில் கூப்பிடலாம் என்றால், அண்ணி பேசுவது சாஆ ஊர் முழுவதும் கேட்கிறது. அதனால்தான் கடிதம். அண்ணி வீட்டு மணியம் அண்ணன் கடைக்குச் சாமான் வாங்க இங்கே வந்திருக்கிறார். உறையை ஒட்டி அவரிடம் கொடுக்கிறேன். உங்களுக்கு வேலை அழுத்தம் என்றுதான் அண்ணியிடமும் அவரிடமும் சொல்லியிருக்கிறேன். நீங்களாகச் சொல்லும்வரை நான் வாய் திறக்க மாட்டேன்.

லோஷினிக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று டிஷ்யூவில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறாள். வாஷிங் மெஷின் ஆட்டம் போடுகிறது, ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை விஜயனின் மனைவி ஷர்மினி வந்திருந்தாள். நீங்களும் நாராயணனும் இருந்த பழைய படத்தை எங்கிருந்தோ எடுத்து கம்பெனி குரூப்பில் போட்ட அதே விஜயன். எத்தனை தீபாவளிக்கு நம் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார்! கையில் கோரேங் பீசாங் பொட்டலத்தோடு வந்தாள். துக்க வீட்டுக்கு வந்தவள் மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவங்க்கா நீங்க, தெரியாம கட்டிக்கிட்டீங்க. பிள்ளைக்காகவாச்சும் ஒரு முடிவு எடுங்க" என்றாள்.

"தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டேன்" என்றேன். நிச்சயத்துக்கு முன்பே நீங்கள் என்னைக் குளுவாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்காரவைத்து, ஆண்களையும் பிடிக்கும், பெண்களையும் பிடிக்கும், நாராயணன் என்று ஒருவரோடு இருந்தேன், அது முடிந்துவிட்டது என்று சொன்னதை அப்படியே சொன்னேன். "என்கிட்ட அவரு மறைச்சது ஒண்ணுமில்ல ஷர்மினி" என்றேன். சொல்லி முடித்ததும் எனக்குப் பசியெடுத்தது. அவள் கொண்டுவந்த வாழைப்பழப் பஜ்ஜியில் இரண்டை எடுத்துச் சாப்பிட்டேன்.

பிறகு நானும் கேட்டேன். கம்பெனி பஸ்ஸில் உங்கள் பெயரை விட்டுவிட்டுப் 'பொண்டான்' என்று மலாய் வசைச்சொல்லால் கூப்பிட்டதை, பக்கத்தில் யாரும் உட்காராமல் செய்ததை, "ஆம்பளையா நீ" என்று சிரித்ததை உன் புருஷன் சொன்னாரா என்று. நீங்கள் தூக்கமில்லாமல் கிடந்ததையும், பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்ததையும் சொன்னேன். அவளுக்கு இதெல்லாம் தெரியவில்லை. "படத்த வெளையாட்டுக்குப் போட்டேன்னு சொன்னாருக்கா" என்று அழுதுவிட்டாள்.

உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். நீங்கள் எல்லோரிடமும் பொய் என்று மறுத்துக்கொண்டிருந்ததை நான் உண்மை என்று சொல்லிவிட்டேன். இனி அதைத் திருப்பி வாங்க முடியாது. கோபம் இருந்தால் வந்து திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். மேலே புகார் கொடுக்கலாம் என்றால் காரணத்தை எழுத வேண்டும். எழுதினால், இந்த நாட்டுச் சட்டத்தில் அது உங்கள் மேலேயே திரும்பும். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் யாரோ உங்கள் பேச்சை எடுத்தபோது விஜயன், "விடுங்கடா" என்றாராம். உங்களோடு அதே பஸ்ஸில் வேலைக்குப் போகும் அர்ச்சுனன் வந்து சொன்னார். அவ்வளவுதான். மன்னிப்பு எதுவும் வரவில்லை. அர்ச்சுனன் மட்டும், "மதிண்ணே திரும்பி வந்தா நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்" என்றார். அந்த வேலைக்கே திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். என் சம்பளத்தில் கொஞ்ச நாள் ஓட்டலாம்.

கிளம்பும்போது, "பிள்ளையக் கூட்டிக்கிட்டு உங்கம்மா வீட்டுக்குப் போயிரு, என்னால உனக்கும் அவமானம்" என்றீர்கள். நான் போகவில்லை. போகவும் மாட்டேன். எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது, மதி. என்னோடு இருப்பது உங்களுக்கு நிம்மதியா, இல்லை கடமையா? இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை. இப்போது பதில் வேண்டாம். முதலில் மனசு தேறட்டும். பதில் எதுவானாலும் தாங்கிக்கொள்வேன்.

செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டும். நான் லீவு போட்டுவிட்டேன், நேராக ஆஸ்பத்திரிக்கே வந்துவிடுகிறேன். டாக்டரிடம் என்ன பேசுவது என்று யோசித்துக் குழம்பாதீர்கள். தூக்கம் வருகிறதா இல்லையா என்பதைச் சொன்னால்கூடப் போதும். கொஞ்சம் நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். மறுபடியும் அந்த எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள். எந்த நேரமானாலும் அண்ணியை எழுப்புங்கள். எனக்குப் போன் போடச் சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஊர் வாயை நான் மூட முடியாது. நீங்கள் உயிரோடு இருங்கள். அது ஒன்றைத்தான் கேட்கிறேன். மற்றதையெல்லாம் இரண்டு பேருமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

முருகன் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

என்றும் உங்கள்,
கஸ்தூரி