ஒரு பூ

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.
13-11-2005, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகன் பிரேம்குமாருக்கு அம்மா எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன், மூச்சு வந்து போகிறது, வேளைக்கு இரண்டு இட்லி இறங்குகிறது. நீயும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் அந்த பிரான்ஸ் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்கவேண்டும், சின்னவளுக்குக் காதை மூடித் தொப்பி போட்டு அனுப்பு. இங்கே தீபாவளியிலிருந்து மழை விடவில்லை, மாடிப்படியெல்லாம் பாசி, துணி காயவில்லை. நீ அனுப்பின காகிதம் வந்து சேர்ந்தது. கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் நம் தொழிலை நீட்டப்போகிறாய், பெங்களூர்க் கம்பெனிக்காரர்களைக் கூட்டுச் சேர்க்கப்போகிறாய், அதற்கு நீயும் உன் தம்பி விஜயராகவனும் போட்டாயிற்று, மூன்றாவது பங்குதாரர் என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்று எழுதியிருக்கிறாய். போடுவேனா மாட்டேனா என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் குறுக்கே புகுந்து இங்கிலீஷில் நாலு வார்த்தை போட்டு என் வாயை அடைத்துவிடுவாய். கடிதத்தில் அது முடியாது. அஞ்சாவதோடு நின்றவள் எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்திப் படி, ஆனால் கடைசி வரைக்கும் படி.

உன் அப்பா பந்தலும் நாற்காலியும் பாத்திரமும் வாடகைக்கு விட்டவர். கல்யாணத்துக்குப் போன நாற்காலிதான் சாவுக்கும் போகும், நடுவில் ஒரு கழுவு கழுவுவார், அவ்வளவுதான். கடைசிக் காலத்தில் ஒரே ஒரு ஐஸ் பெட்டி வாங்கினார், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வந்து சேரும் வரைக்கும் உடம்பு கெடாமல் இருக்கவேண்டுமே என்று. உன் தம்பி அதை ஒன்றுக்குப் பலவாக்கி வண்டிகளும் வாங்கினான். அதற்கு மேல் நீ வந்தாய். பேசவும் செய்யலாம், குச்சியால் தொட்டு எழுதவும் செய்யலாம் என்கிற அந்தக் கைக்கம்ப்யூட்டர்களை அங்கேயிருந்து அனுப்பி, நர்சிங்ஹோம் மேனேஜர்களோடு பேசி, வார்டு ஆயாமார் கையில் ஒவ்வொன்று கொடுக்கச் செய்தாய். அவர்களுக்குப் படிப்பு வராது என்று எல்லாவற்றையும் படமாகவே போட்டாய். ஆண் படம், பெண் படம், குத்துவிளக்கு, பிறை, சிலுவை, காலைக்குச் சூரியன், சாயந்தரத்துக்குச் சாய்ந்த சூரியன். யாருக்கு எப்போது முடியும் என்று தோன்றுகிறதோ அப்போதே ஆயா தட்டிவிட வேண்டும், வண்டி முன்கூட்டியே வந்து கீழே நிற்கும், வேறு வண்டிக்காரன் நுழைய முடியாது. அதோடு பூ. ஒரு பூ போட்டால் சாதா வண்டி, ஒரு சாமந்தி மாலை. இரண்டு பூ போட்டால் கண்ணாடி வண்டி. மூன்று பூ என்றால் ரோஜா மாலை, பேண்டு, வெடி. பேர் மட்டும் கேட்காது. பேர் போட்டால் நாளைக்கு எவனாவது கோர்ட்டுக்குப் போவான் என்று நீதான் சொன்னாய். இதையெல்லாம் நான் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பக்கத்து வீட்டு வசந்தா மகள் நிச்சயதார்த்தத்தில், மூக்குத்தி மினுங்க உட்கார்ந்திருந்த அத்தனை பேர் நடுவிலும், சாகிறதுக்கு முன்னாடியே வண்டி அனுப்புற மூளை என் பெரியவன் மூளை என்று சொல்லி எல்லார் வாயையும் அடைத்தேன்.

தீபாவளி கழிந்து இரண்டாம் நாள் எனக்கு மூச்சுத் திணறல் வந்தது உனக்குத் தெரியும். உன் தம்பி பெண்டாட்டி ஹேமலதாதான் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். எந்த நர்சிங்ஹோம் என்று எழுதவில்லை, நீ மிஷின் கொடுத்த இடம்தான். நான் யார் வீட்டு அம்மா என்று வார்டில் ஒருத்தரிடமும் சொல்லக்கூடாது என்று ஹேமலதாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். பிணப்பெட்டிக்காரர் வீட்டு அம்மா என்று அந்த நர்சுப் பெண்கள் வாயில் பேர் வாங்க எனக்கு இஷ்டமில்லை. பழைய நூல் புடவையோடு கிடந்தேன். உன் தம்பி வரவில்லை. மழைக்காலந்தாம்மா நமக்கு சீசனு, ரெண்டு நாள்ல வந்துட்றேன், என்று போனில் சொன்னான். நீ ஹேமலதாவிடம் எந்த மருந்து, எவ்வளவு டோஸ் என்று கேட்டு எழுதிக்கொண்டாய், போனை என்னிடம் கொடுக்கச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் எனக்கு முகமூடி மாட்டி ஆக்சிஜன் விட்டார்கள். டாக்டர் ஹேமலதாவை வெளியே கூப்பிட்டு, பார்க்கவேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க, என்று சொன்னார். கதவு சாத்தவில்லை, எனக்குக் கேட்டது. ஹேமலதா உன் தம்பிக்கு அடித்து அடித்துப் பார்த்தாள், லைன் பிசியாகவே இருந்தது. யாருடைய சாவுக்கு அந்த லைன் பிசியாக இருந்ததோ.

சாயந்தரம் நம் வண்டி டிரைவர் மண்ணாங்கட்டி வார்டுக்குள் வந்தான். அவன் வந்து நின்றதும் விஜயராகவன்தான் அனுப்பியிருக்கிறான், பின்னாலேயே வருகிறான் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். அவன் கட்டில் கட்டிலாக நம்பரைப் பார்த்துக்கொண்டு வந்தான். என் கட்டிலில் நின்றான். என் முகத்தைப் பார்த்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. அம்மா, நீங்களா, எனக்குக் கட்டில் நம்பருதாம்மா சொன்னாங்க, சத்தியமா எனக்குத் தெரியாதும்மா, என்று கையைப் பிசைந்தான். நான் முகமூடியைத் தூக்கிவிட்டு, பெட்டி எங்கடா, என்று கேட்டேன். கீழ வண்டியில இருக்குதும்மா. மாலை வாங்கியாந்தியா? வாங்கியாந்தேன்மா. ரோஜாவா? அவன் குனிந்து கட்டில் நம்பரை மறுபடி பார்த்தான். இன்னொரு தடவை கேட்டேன். சாமந்திம்மா, ஒண்ணு, என்றான். உன் அப்பா ஆரம்பித்த தொழிலில் அவர் பெண்டாட்டிக்கு ஒரு பூ. எனக்கு வந்த ஆத்திரத்தில் மூச்சு தானாகச் சீராகிவிட்டது என்று ஹேமலதா இப்போது சொல்லிச் சிரிக்கிறாள்.

என் கண் முன்னாலேயே அவன் உன் தம்பிக்குப் போன் போட்டான். அந்த லைன் மட்டும் உடனே கிடைத்தது. இவர்கள் கையில் கொடுத்திருக்கும் போன் பேசினால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிறது. சார், இது நம்ம அம்மா சார், என்றான். உசுரோட இருக்காங்களா, என்று கேட்டான் உன் தம்பி. இருக்காங்க சார், மாலையப் பத்திக் கேக்குறாங்க சார். சரி சரி, நான் கெளம்பி வரேன், நீ வண்டிய சும்மா திருப்பிக்கினு வராத, பக்கத்துக் கட்டில்ல எதனா இருக்குதான்னு நிர்மலாவக் கேளு. இதைத்தான் சொன்னான். இதில் எனக்கு அப்போது தப்பு ஒன்றும் தோன்றவில்லை, வந்த வண்டி ஏன் சும்மா திரும்பவேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். எனக்குத் தீரவேண்டிய விஷயம் அந்த ஒரு பூதான். ஆயா நிர்மலாவைக் கூப்பிட்டேன். ஏண்டி, எந்தக் கணக்குல எனக்கு ஒரு பூ போட்ட, என்று கேட்டேன். அவளுக்கு நான் யார் என்று அப்போதும் தெரியாது. நோயாளிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று திகைத்துப்போய் உண்மையைச் சொல்லிவிட்டாள். பாக்க வர்ற ஆளுங்கள வச்சித்தாம்மா போடச் சொல்லியிருக்காங்க, ஒங்களுக்கு அந்த மருமவப் பொண்ணத் தவிர யாரும் வரல, ஆம்பளப் புள்ளைங்க இல்லாதவங்கன்னு நெனச்சிட்டேன், என்றாள். பூவைப் போட்டது அவள் விரல். போடவைத்தவர்கள் நீங்கள் இரண்டு பேர்.

பக்கத்துக் கட்டிலில் நோணாங்குப்பத்துச் சின்னப்பொண்ணு கிடந்தாள். அவள் மகன் சேதராப்பட்டில் ஏதோ பேக்டரியில் வேலை, வேலைக்குப் போகாமல் கட்டில் காலிலேயே உட்கார்ந்திருந்தான். தங்கைகள், சித்திகள், படகு விடுகிற சித்தப்பன் என்று ஒரு வேன் ஜனம் வந்து வந்து போனது. போட்டுக்கொள்ள மாற்றுப் புடவை இல்லாதவளுக்கு நிர்மலா மூன்று பூ போட்டிருந்தாள். மறுநாள் காலையில் அவன் அம்மாவுக்குக் கஞ்சி வாங்கக் கீழே போன நேரத்தில் அவள் போய்விட்டாள். டாக்டர் வரவில்லை, நர்சு திரையை இழுத்தாள், நிர்மலா குச்சியால் தட்டினாள். அவன் தூக்குப் பாத்திரத்தோடு படியேறி வந்தான், மண்ணாங்கட்டி ரோஜா மாலையோடு படியில் எதிரே நின்றான். நோணாங்குப்பந்தான, ஒங்க தெருவுக்குள்ள கண்ணாடி வண்டி திரும்புமா, என்று கேட்டான். எதுக்குங்க, என்று அவன் கேட்டான். பெற்ற தாய் செத்த சேதி அவனுக்கு வந்தது அப்படித்தான். கஞ்சி படியெல்லாம் கொட்டியது, அந்த அலறல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. உள்ளே வந்தவன் எங்கள் கட்டில்களைப் பார்த்து, அந்த மாலக்காரனுக்கு எப்படிங்க எனக்கு முன்னாடி தெரிஞ்சிது, என்று ஒவ்வொருத்தரையாய்க் கேட்டான். என்னையும் கேட்டான். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அதற்கு அப்புறம்தான் உன் தம்பி வந்தான், ஆப்பிளும் திராட்சையும் ஒரு கூடை. காலைப் பிடித்து அழுதான், அழுதுகொண்டே நிர்மலாவைக் கூப்பிட்டு, இவங்க யாருன்னு தெரியுமா, மொதல்ல அத மூணு பூவா மாத்து, என்று கத்தினான். அவனுக்கு என் கோபம் அந்த அளவுக்குத்தான் விளங்கியது. சாயந்தரமே அவளை வேலையை விட்டு நிறுத்தவைத்துவிட்டான். கண்ணால் பார்த்ததைப் போட்ட ஒரே ஆள் அவள்தான், அவள் இப்போது வீட்டில் இருக்கிறாள், நீங்கள் தொழிலில் இருக்கிறீர்கள். நீ போன் பண்ணி, சிஸ்டம் சரியாத்தாம்மா வேலை செஞ்சிருக்குது, என்று எனக்கு விளக்கம் சொன்னாய். இப்போது காகிதத்தோடு, இனிமேல் பேரையும் சேர்த்துவிடுகிறேன், இந்தத் தப்பு மறுபடி வராது என்று எழுதியிருக்கிறாய். பேர் சேர்த்தால் என்னடா ஆகும்? உன் அம்மா பேரைப் பார்த்ததும் உன் தம்பி வண்டியை நிறுத்திவிடுவான். சின்னப்பொண்ணு பேரைப் பார்த்தால் நிறுத்துவானா? என்னை விலக்கிவிட்டு மற்ற எல்லாருக்கும் நடக்கட்டும் என்பதற்கா என் கையெழுத்து?

போடவில்லை. காகிதம் வந்த மாதிரியே இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். கிழவி எத்தனை நாள் இருப்பாள், அப்புறம் பங்கு நமக்குத்தானே என்று இரண்டு பேரும் பொறுத்திருக்க வேண்டாம், என் பங்கை ஹேமலதா பேருக்கு எழுதிப் பதிவு பண்ணிவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் குழம்பில் குற்றம் சொன்னவள் நான், இன்றைக்கும் உப்பு அதிகம்தான், ஆனால் ஆட்டோ பிடித்தவள் அவள். எனக்குக் கொள்ளியும் நீயே வை என்று கேட்டேன். புள்ளைங்கள பழிவாங்க என்ன இழுக்காதீங்க அத்தை, சோறு போடச் சொல்லுங்க போடுறேன், சுடுகாட்டுக்கெல்லாம் நான் வரமாட்டேன், என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். சரி என்று விட்டுவிட்டேன். மின்சாரத்தில் எரிக்கிறார்கள், அதில் பட்டனை யார் அழுத்தினாலும் எரியும், கடைசிப் பிள்ளை வேண்டும் என்று அந்த மிஷின் கேட்பதில்லை. விஜயராகவனிடம் உன் கை என் மேல் படக்கூடாது என்று சொல்லிவிட்டேன், இரண்டு நாளாகச் சாப்பிடாமல் கிடக்கிறான், கிடக்கட்டும். வண்டிக்கு மஜீத்திடம் சொல்லிவைத்திருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் மிஷினைக் காட்டி எந்த நர்சிங்ஹோம் வாசலிலும் நிற்கவிடாமல் துரத்தினீர்களே, கதவைக் கயிற்றால் கட்டி ஓட்டுகிறவன், அதே மஜீத்துதான். என்னாம்மா, ஒங்க வாசல்லயே வரிசையா வண்டி நிக்குது, என்ன வம்புல மாட்டிவுட்றீங்க, என்றான். வருவியா மாட்டியா, அத மட்டும் சொல்லு, என்றேன். வருவேன்மா, வூட்டு ஆளுங்க கூப்ட்டா நான் வந்துதான ஆவணும், என்றான். ஹேமலதா கூப்பிடுவாள். உனக்குப் போன் போடமாட்டாள், சத்தியம் வாங்கிக்கொண்டேன். ஊரார் வீட்டுச் சாவெல்லாம் அவர்களுக்கு முன்னால் உனக்குத் தெரிந்தது. என்னுடையது எல்லாருக்கும் தெரிந்த பிறகு உனக்குத் தெரியட்டும். டிக்கெட் போடாதே.

கறிவேப்பிலைப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் அங்கே வருகிற வசந்தா மகன் கையில் கொடுத்து அனுப்புகிறேன், ஈரக் கையோடு தொடவேண்டாம் என்று மருமகளிடம் சொல். பேரப்பிள்ளைகள் இரண்டும் நன்றாகப் படித்து நீண்ட ஆயுசோடு இருக்கட்டும், உனக்கு முடியாமல் போகும் நாளில் உன் கட்டிலை விட்டு நகராமல் இருக்கட்டும், பாட்டி மனசாரச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணுவாயே, அதை நிறுத்தாதே. நான்தான் எடுப்பேன், நடக்க முடியாவிட்டாலும் நகர்ந்து வந்து எடுப்பேன். வேறு யார் குரலாவது கேட்டால் ஒன்றும் கேட்காமல் வைத்துவிடு, எல்லாம் முடிந்திருக்கும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
கலியபெருமாள் அஞ்சலாட்சி