தலைக்கு எண்ணெய் வைக்காத நாட்கள்

ஜூன் 6, வெள்ளி

விடியலிலிருந்து மழை. இடவப்பாதிப் பருவம் இந்த வருஷம் அவசரப்பட்டு வந்துவிட்டது. மாடியில் துணி எதுவும் காயவில்லை.

அம்மாவின் டிக்கெட் வந்தாயிற்று. 28, சனி, மத்தியானம். மெல்பர்னில் மன்னிக்குப் பிரசவம். அம்மா அங்கே ஆறு மாதம். அதுவரை கரமனை வீட்டில் நான் தனி.

அதற்குள் செய்ய வேண்டியவை:
- காஸ் புத்தகம் எங்கே என்று கேட்க
- அம்மாவின் பிரஷர் மாத்திரை, ஆறு மாதத்துக்கு
- ஒரு கையால் மூடித் திறக்கிற மாதிரி குக்கர்
- என் தலைமுடி

கடைசியதுதான் பிரச்சினை. இடுப்புக்குக் கீழே தொங்குகிறது. பின்னுவதற்கு இரண்டு கை வேண்டும், எனக்கு ஒன்றரை. முப்பத்தொரு வயதில் இன்னும் தினம் காலை அம்மா முன்னால் முதுகைக் காட்டி உட்காருகிறேன். கிளச்சர் மாட்டினால் பஸ் ஏறுவதற்குள் சரிந்துவிடும். ஜங்ஷன் பார்லரில் 27ஆம் தேதி சாயங்காலம் நேரம் வாங்கி வைத்தேன், வெட்டுவதற்கு. அம்மாவிடம் சொல்லவில்லை.

எனக்கு வெட்ட மனசில்லை. என் உடம்பில் யாரும் பாவம் என்று பார்க்காத ஒரே சாமான் இந்த முடி.

மாலை சென்டரிலிருந்து ஜெபா கூப்பிட்டாள். பிசியோதெரபிஸ்ட், மார்த்தாண்டத்துக்காரி. நான் பேர் கொடுத்திருந்த ஆராய்ச்சியில் என்னைச் சேர்த்துவிட்டார்களாம். தலையில் இரண்டு ஈர ஸ்பாஞ்சு வைத்து மெல்லிய கரண்ட், கூடவே கண்ணில் ஹெட்செட் மாட்டி இடது கைக்குப் பயிற்சி. பத்து நாள். பாதிப் பேருக்கு நிஜக் கரண்ட், பாதிப் பேருக்குச் சும்மா பாவனை. எனக்கு எது என்று அவளுக்கே தெரியாது, உறைக்குள் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

"நீங்கதான் கடைசி ஆளு. உங்களோட முடிஞ்சா உறையப் பிரிச்சிருவாவ. தலையில எண்ணெ மட்டும் வச்சிராதுங்க, கேட்டியளா? மூணு நாள் வீணாச்சுன்னா பேர வெட்டிருவாவ."

ஸ்பீக்கரில் போட்டது என் தப்பு. அம்மா வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"தலைல கரண்டா?"

"பேட்டரி கரண்ட்மா. கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

எனக்கும் தெரியாது.

ஜூன் 9, திங்கள்

முதல் நாள். அரை நாள் லீவு. தலை குளித்து, காயவைத்து, பின்னி, பஸ்ஸில் இடம் கிடைத்தது.

ஸ்பாஞ்சு ஒன்று வலப்பக்கம் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, ஒன்று இட நெற்றியில். ரப்பர் பட்டை. சின்னப் பெட்டியில் பச்சை விளக்கு. எறும்பு ஊர்கிற மாதிரி அரிப்பு, பிறகு அடங்கிவிட்டது.

ஹெட்செட் முதலில் என் இடது கையைக் கண்டுபிடிக்கவே இல்லை. கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டியாகக் கிடப்பதை அது கை என்று ஒத்துக்கொள்ளவில்லை. திரையில் கை கிடைக்கவில்லை என்று வருகிறது, திரும்பத் திரும்ப. ஆபீஸில் நான் செய்வது சாஃப்ட்வேரில் இந்த மாதிரித் தப்புகளைக் கண்டுபிடிக்கிற வேலை. வேறு யாராவது இதை எழுதி அனுப்பியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஜெபா ஒரு சென்சாரை வெல்க்ரோவால் மணிக்கட்டில் கட்டினாள். பிறகு மாமரம் வந்தது. பழத்தைப் பறித்துக் கூடையில் போட வேண்டும். நான் விரலை ஒரு நூல் அசைத்தால் உள்ளே இருக்கிற கை முழுக்க விரிகிறது. ஐந்து விரலும். நரம்பில்லாத, சோப்பு நிறக் கை.

என் இடது கை விரிந்து நான் பார்த்ததில்லை. அழுகை வந்தது. ஹெட்செட்டுக்குள் அழுதால் கண்ணாடி மங்கிவிடுகிறது, துடைக்கவும் முடியாது.

வீட்டில் அம்மா கேட்டாள், எப்படி இருந்தது என்று. "தலை அரிச்சது, கொஞ்சம் எரிஞ்ச மாதிரி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஜூன் 10, செவ்வாய்

சிவப்பு விளக்கு. ஸ்பாஞ்சு தலையில் சரியாகத் தொடவில்லை என்று அர்த்தம். ஜெபா ஸ்பாஞ்சை மாற்றினாள், உப்புத் தண்ணீர் இன்னும் விட்டாள், ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். முக்கால் மணி நேரம். சிவப்பு.

"எண்ணெ தேச்சியளோ?"

"இல்ல ஜெபா. காலைல ஷாம்பூ போட்டேன்."

"பின்ன ஏன் இப்பிடி மணக்கு?"

எனக்கு எந்த மணமும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் காய்ச்சிய எண்ணெய் வாசனை எப்போதும் உண்டு, மூக்குக்குப் பழகிவிட்டது.

ஒரு நாள் வீண். தலையணை உறையாக இருக்கும் என்று நினைத்தேன். நாலு உறையையும் துவைக்கப் போட்டேன். மழை. காயவில்லை.

ஜூன் 11, புதன்

அம்மா விடிகாலையில் பழவங்காடிக்குப் போய்விட்டாள், எனக்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க. கிளச்சர் மாட்டிக்கொண்டு போனேன். சரிந்தது, வழக்கம்போல.

பச்சை. நன்றாகப் போயிற்று. இருபத்திரண்டு மாம்பழம்.

"அடிபொளி!" என்றாள் ஜெபா. மலையாளத்தில் பாராட்டினால்தான் அவளுக்குத் திருப்தி.

அம்மா பிரசாதம் கொண்டுவந்தாள். பஸ்ஸில் கூட்டம், செருப்பு வார் அறுந்ததாம்.

ஜூன் 12, வியாழன்

மறுபடி சிவப்பு. டாக்டரே வந்து பார்த்தார். முதலில் பரவாயில்லை என்கிற மாதிரி மலையாளத்தில் "சாரமில்ல" என்றார். பிறகு இன்னொரு தடவை இப்படி ஆனால் பேரை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். ஜெபா சிரிக்கவில்லை. நான் பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறாள்.

ஆபீஸ் போகவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து ஆபீஸ் புத்தியைக் கழற்றாமல் யோசித்தேன்.

திங்கள் பச்சை. செவ்வாய் சிவப்பு. புதன் பச்சை. வியாழன் சிவப்பு.
ஷாம்பூ: நாலு நாளும் அதே.
தலையணை: புதன் ராத்திரி புது உறை. அதனால் இல்லை.
பின்னியது: திங்கள் அம்மா, செவ்வாய் அம்மா, புதன் யாருமில்லை, வியாழன் அம்மா.

திங்கள் மட்டும் இடிக்கிறது. அப்புறம் ஞாபகம் வந்தது. தலை எரிந்தது என்று திங்கள் மாலைதானே சொன்னேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன். ஒளிக்கவில்லை அவள்.

"உள்ளங்கைல ஒரு சொட்டுடி. பின்னறச்சே உச்சில தடவினேன். கரண்ட் விட்டா தலை கொதிக்காதோ? குளிர்ச்சி வேண்டாமோ?"

"எண்ணெய் வெக்கப்டாதுன்னு உன் காதுல விழல்லியா?"

"விழுந்தது. அவாளுக்கென்ன, மெஷின்தான் முக்கியம். தலை உன்னோடதாச்சே."

நான் கத்தினேன். முடியை வெட்டப் போகிறேன், பார்லரில் நேரம் வாங்கியாயிற்று என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

"நீ பொறந்தன்னிக்கு அழல்லை. தூக்கிண்டு ஓடினா. உன் தலைக்கு உள்ளே என்ன ஆச்சு, யார் என்ன பண்ணினா, ஒண்ணும் எனக்குத் தெரியாது. மயக்கத்துல கெடந்தேன். இன்னிக்கு முழிச்சுண்டுதானேடி இருக்கேன்? சும்மா பாத்துண்டு இருக்கச் சொல்றியா?"

முப்பத்தொரு வருஷத்தில் இதை அவள் சொன்னதே இல்லை. என் கோபம் போகவில்லை, ஆனால் வைக்க இடமும் இல்லை. ரெண்டு பேரும் ரசம் சாதம் சாப்பிட்டோம். அப்பளம் நமுத்திருந்தது.

ஜூன் 13, வெள்ளி

முடியை அவிழ்த்துவிட்டபடியே போனேன். அம்மாவையும் இழுத்துக்கொண்டு.

ஜெபாவிடம் உள்ளதைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்மேல் சந்தேகம் போய்விட்டது, அதுவே பெரிய நிம்மதி. ஸ்பாஞ்சை அம்மா கையில் கொடுத்தாள்.

"தொட்டுப் பாருங்கம்மா."

"ஜில்லுனு இருக்கே!"

"வெறும் உப்புத் தண்ணிதாம்மா."

"இது முன்னமே சொல்லப்டாதோ?" அம்மா என்னைப் பார்த்த பார்வையில் குற்றம் முழுக்க என்னுடையது. குளிர்ச்சி இருக்கிறதா இல்லையா, அதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

பச்சை.

நான் ஹெட்செட்டுக்குள். அம்மா பக்கத்து டிவியில் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமரம். கை நீண்டது, விரிந்தது. அம்மாவின் குரல் மட்டும் கேட்டது.

"அது யார் கை?"

"இவங்க கைதாம்மா. எடது கை."

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கரமனைப் பாலம் வரும்வரை.

ஜூன் 17, செவ்வாய்

வெயில் அரை மணி நேரம். எல்லா வீட்டிலும் துணி வெளியே வந்தது.

ஜெபா வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறாள். மூன்று நிறக் கயிறு, ஜன்னல் கம்பியில் கட்டிப் பின்ன வேண்டும். நீலத்தை மட்டும் இடது கை பிடித்தால் போதும். பிடிக்கிறது, விடத்தான் தெரியவில்லை. இடது கைக்கு ஆபீஸில் நான் வைத்த பெயர் மேனேஜர். எல்லா இடத்துக்கும் கூட வரும், ஒரு வேலையும் செய்யாது. இப்போது வேலையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எனக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "கயிறெல்லாம் மதி, போறும். என் தலைல பண்ணு."

அவள் முடி மெலிசு, பாதி வெளுப்பு. மூன்றாகப் பிரித்தேன். நாலு முறை இழுத்துவிட்டேன். ஒரு தடவைகூட ஆ என்று சொல்லவில்லை. ஐந்தாவது பின்னலில் கட்டைவிரல் தானாக வெளியே வந்தது. நான் சொல்லாமல்.

அதை அவளிடம் சொல்லவில்லை. பயமாக இருந்தது, சொன்னால் திரும்பி உள்ளே போய்விடுமோ என்று.

ஜூன் 24, செவ்வாய்

வீணான இரண்டு நாளுக்கும் ஈடு செய்து இன்றோடு பத்து முடிந்தது.

சோதனை: ஒரு நிமிஷத்தில் இடது கையால் மரக்கட்டைகளைத் தடுப்புக்கு அந்தப்பக்கம் போடுவது. முதல் நாள் நாலு. இன்று பதினொன்று. ஜெபா இரண்டு தடவை எண்ணினாள்.

கரண்ட் ரொம்ப நல்ல சாமான் என்று அம்மா பக்கத்து வீட்டு அம்புஜம் மாமிக்கு விளக்கிக்கொண்டிருக்கிறாள். "ஜில்லுனு இருக்கும் கேட்டோ, சூடே இல்ல."

பார்லர் நேரத்தை இன்னும் ரத்து செய்யவில்லை.

ஜூன் 26, வியாழன்

ஆபீஸுக்குக் கழக்கூட்டம் போகிற வழி. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் நின்றது பஸ். ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் டாக்டர் ஃபோன்.

உறையைப் பிரித்துவிட்டார்கள். எனக்குப் பாவனை.

தொடக்கத்தில் கொஞ்சம் எறும்பு ஊரவிட்டு மெஷின் தானாக நின்றுவிடுமாம். பத்து நாளும் என் தலைக்குள் ஒன்றும் போகவில்லை. எரிந்த மாதிரி என்று சொன்னேனே, அது வெறும் அரை நிமிஷம். அதற்கு அம்மா எண்ணெய் தடவி, எண்ணெய்க்கு நான் கத்தி.

பாவனை கிடைத்தவர்களுக்கு இப்போது நிஜம் தருவார்களாம், விருப்பம் இருந்தால். ஜூலை 7 முதல்.

கழிவறையில் போய் உட்கார்ந்தேன். முதலில் ஏமாந்த கோபம். மாமரமும் சோப்பு நிறக் கையும் பத்து நாள் என்னை வேலை வாங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். பிறகு சிரிப்பு. வெளியே கதவைத் தட்டி யாரோ, எல்லாம் சரிதானா என்று, "ஓகே ஆணோ?" என்றாள்.

வீட்டில் அம்மா பெட்டியில் அரிசி அப்பளம் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜூலை 7 உட்பட எல்லாம் சொன்னேன்.

"ஒண்ணுமே போகல்லியா தலைக்குள்ள?"

"இல்லம்மா."

"அப்போ கை?"

"நான் பண்ணினது."

அப்பளக் கட்டைக் கீழே வைத்தாள். "நீயேவா?" என்றாள். மறுபடியும், இன்னும் மெதுவாக, "நீயேவா?"

ஜூன் 27, வெள்ளி

பார்லருக்கு ஃபோன் செய்து வரவில்லை என்றேன். அந்தப் பெண் "சேச்சி, பின்னெ எப்போழா?" என்றாள். எப்போது வருவேன் என்று தெரியாது என்றேன்.

ஜூன் 28, சனி

மழை இல்லை. புழுக்கம்.

காலை ஏழு மணிக்குக் கண்ணாடி முன்னால் நானே. இருபத்தைந்து நிமிஷம். பின்னல் கோணல், நடுவில் ஓர் இடம் புடைத்திருக்கிறது, வலப்பக்கம் ஒரு கற்றை வெளியே. அம்மா வாசற்படியில் நின்று பார்த்தாள். சரி செய்ய அவள் கை நீண்டது. பிறகு அதைப் பின்னால் இழுத்து இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"நன்னாருக்கு" என்றாள். பொய்.

விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு வரைதான் விட்டார்கள். பாஸ்போர்ட், மாத்திரை, கண்ணாடி, மூன்றையும் நாலு தடவை கேட்டேன். அம்மா அழவில்லை, நானும் இல்லை. திரும்பிப் பார்த்துத் தலையைத் தொட்டுக் காட்டினாள். என்ன சொல்ல வந்தாள் என்று புரியவில்லை.

வீட்டுக்கு வந்து குளியலறை அலமாரியைத் திறந்தபோது புரிந்தது. எண்ணெய் பாட்டில் புதிதாகக் காய்ச்சி நிரப்பியிருக்கிறது. மேலே பிளாஸ்திரி ஒட்டி, பேனாவில், அவள் கையெழுத்து: '6ஆம் தேதி வரை வைத்துக்கொள். 7 முதல் தொடாதே.'

திருகு மூடி. அவள் வழக்கம்போல இறுக்கி மூடியிருக்கிறாள், எப்போதும் அவள்தானே திறப்பாள். பாட்டிலை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் திருகினேன். மூன்றாவது தடவை திறந்தது. தரையில் கொஞ்சம் கொட்டிவிட்டது, துடைக்க வேண்டும்.