மேலிருந்து கீழே சுற்றிய டேப்

பாவா,

இன்று காலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஹார்டுவேர் கடையில் மோட்டார் காயில் கம்பி வாங்க நின்றிருந்தேன். கடைக்காரர் புது ரப்பர் டேப் சுருள் ஒன்றைப் பிரித்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வாங்க வந்ததை மறந்து வெளியே வந்துவிட்டேன். என் மோட்டார் ரிப்பேர் கடையைத் திறக்கவில்லை. உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்களைக் கட்டின என் அக்காவிடம்கூடச் சொல்லாத விஷயம்.

பள்ளிப்பட்டு ரோட்டில் வண்டியோடு விழுந்து முதுகு போன பிறகு, நாலு வருடம் நீங்கள் ஜன்னலோரக் கட்டிலில்தான் இருந்தீர்கள். இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக நின்று ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தின ஆள், தண்ணீர் கேட்கவும் தயங்குகிற ஆளாகிப் போனீர்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே முகத்தோடு வந்து, ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

காலை ஏழு மணி மட்டும் வேறு. லைசென்ஸ் வாங்கி வீட்டிலேயே வைத்திருந்த ஹாம் ரேடியோ செட்டில், வேலூரிலும் ஓசூரிலும் சித்தூரிலும் இருந்த நாலைந்து பேரோடு பேசுவீர்கள். மழை, மாங்காய் விலை, யார் வீட்டு ஆன்டெனா சாய்ந்தது, இதுதான் பேச்சு. நீங்கள் படுத்த படுக்கையாக இருப்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரியவிடவும் இல்லை. "அங்கதான்டா ஒருத்தன் என்ன நல்லா இருக்கறவன்னு நெனச்சிகினு பேசறான்" என்று ஒருநாள் சொன்னீர்கள். சொன்னது சித்தூர்க்காரரைப் பற்றி. அவரோடு தெலுங்கில் பேசும்போது உங்கள் பழைய சத்தம் திரும்பி வரும். அக்கா அடுப்படியிலிருந்தே அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

நாலாவது வருடம் வைகாசியில் ஆன்டெனா கேபிள் வெயிலில் வெடித்துப்போனது. மாற்றுகிற வேலை எனக்கு. மாடியில் இருபத்தைந்து அடி இரும்புக் குழாய். அதன் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் கூரை மாதிரி சரிகிற செம்புக் கம்பிகள். உச்சியில் அந்தக் கம்பிகளோடு சேர்ந்து, குழாயை ஒட்டியே இறங்கி உங்கள் ஜன்னலுக்குள் வருகிற கேபிள். மோட்டார் காயில் கட்டுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன். நீங்கள் கட்டிலில் இருந்தபடியே போனில் ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள்.

"குழாயை எந்தப் பக்கம் சாய்ச்சாலும் கரண்டு கம்பிகிட்ட போவக் கூடாது, பார்த்துக்க. மூணு பக்கமும் கயிறு ஒரே இழுப்பா இருக்கணும். ஜன்னல்கிட்ட கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டு அப்பறம் உள்ள வுடு, வழிஞ்சி வர தண்ணி அங்கயே சொட்டிடும்."

பிறகு முக்கியமானதைச் சொன்னீர்கள். "உச்சி ஜாயின்ட்டுக்கு ரப்பர் டேப்பு. நல்லா இழுத்து, கீழேர்ந்து மேல சுத்து. ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்து மேல பாதி ஏறணும். மேலேர்ந்து கீழ சுத்தினா ஒவ்வொரு விளிம்பும் தண்ணியப் பிடிச்சிக்கும்."

உச்சி வெயில். தரை கொதித்தது. ஒருத்தர் விவசாய மோட்டாரை இறக்கிவிட்டு என் கடை வாசலில் நின்று போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். ரப்பர் டேப்பை இழுத்து இழுத்து ஒட்டப் பொறுமையில்லை. பையில் இருந்த சாதா கறுப்பு டேப்பை எடுத்து, கைக்கு வந்தபடி மேலிருந்து கீழே சுற்றி, குழாயைத் தூக்கி நிறுத்திவிட்டேன்.

கீழே வந்ததும் கேட்டீர்கள். "கீழேர்ந்து மேலதானே சுத்தினே?"

"ஆங் பாவா."

ஐப்பசி மழை பிடித்த முதல் வாரம். அன்று காலை நானும் கட்டில் பக்கத்தில் இருந்தேன். சித்தூர்க்காரர் உங்களை ஊருக்குக் கூப்பிட்டார். நீங்கள் ஏதோ சாக்குச் சொன்னீர்கள். அவர் சிரித்துக்கொண்டே தெலுங்கில், "எப்பக் கூப்பிட்டாலும் வீட்டிலேயே கிடக்கிறாயே, உனக்குக் காலே இல்லையா?" என்று கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுச் சிரித்தீர்கள், கட்டில் குலுங்கக் குலுங்க.

மறுநாள் செட்டு பேசவில்லை. நீங்கள் பேசப் பேச, அனுப்புகிற சக்தி வெளியே போகாமல் திரும்பி வருகிறது என்று மீட்டர் காட்டியது. "தண்ணி எறங்கியிருக்கு. உச்சி ஜாயின்ட்டுதான்" என்றீர்கள். பிறகு நீங்களே தலையை ஆட்டிக்கொண்டீர்கள். "இல்ல, அத்த நீ சரியாத்தானே சுத்தினே."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம், பாவா.

என் வார்த்தையை நம்பி, கோளாறை வேறு இடத்தில் தேடினீர்கள். கீழ்முனை பிளக்கை மாற்றச் சொன்னீர்கள், மாற்றினேன். செட்டைத் திறந்து படம் எடுத்துக் காட்டச் சொன்னீர்கள், காட்டினேன். குழாயை இறக்கிப் பார்க்கலாமா என்று இரண்டு தடவை கேட்டீர்கள். இறக்கினால் கறுப்பு டேப் தெரிந்துவிடும். மழை விடட்டும் என்றேன், ஞாயிறு வரட்டும் என்றேன். ஞாயிறு வந்தது, கடையில் வேலை என்றேன். கடைசியில் நீங்களே, "செட்டு போச்சுடா. வுடு" என்றீர்கள்.

போனில் பேசலாமே என்றதற்கு, "போன்ல வீடியோல வாம்பான். வேணாம்" என்று சொல்லிவிட்டீர்கள்.

அதற்குப் பிறகும் ஏழு மணிக்குச் செட்டைப் போட்டிருக்கிறீர்கள். அக்கா சொல்லித்தான் தெரியும். "அவங்க கூப்புடறது லேசா கேக்குதுடா. இவரு இங்கேர்ந்து பதில் சொல்லிக்கினே இருக்காரு. அவங்களுக்குத்தான் கேக்கல." மார்கழியில் அதையும் நிறுத்திவிட்டீர்கள். பேச்சும் சாப்பாடும் குறைந்தன. முதுகுப் புண் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தது. தையில் போய்விட்டீர்கள். செட்டு இருந்திருந்தால் பிழைத்திருப்பீர்கள் என்று சொல்ல மாட்டேன். கடைசி மூன்று மாதம் நீங்கள் மனிதராக இருந்திருப்பீர்கள், அவ்வளவுதான்.

காரியம் முடிந்த பிறகு பக்கத்து வீட்டு மெக்கானிக் பாயும் நானும் குழாயை இறக்கினோம். ஜாயின்ட்டை அறுத்ததும் தண்ணீர் சொட்டியது. உள்ளே கேபிளின் பின்னல் கம்பியில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. "யாருப்பா இத்த சுத்தினது?" என்றார் பாய். தெரியல என்றேன்.

போன மாதம் சித்தூர்க்காரர் வந்தார். எப்போதோ நீங்கள் தபாலில் அனுப்பிய கார்டில் இருந்த விலாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பஸ் பிடித்துத் தேடி வந்திருந்தார். உங்களைவிடப் பெரியவர், கைத்தடி வைத்திருந்தார். அக்கா உங்கள் படத்தையும் கட்டிலையும் காட்டினாள். எத்தனை வருடமாக என்று கேட்டார். நாலு வருடம் என்றாள். அதற்குப் பிறகு அவர் காபியைத் தொடவில்லை.

பஸ் ஏற்றிவிடக் கூடப் போனேன். பஸ் ஸ்டாண்டில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நா அன்னிக்கி கால் இல்லையான்னு கேட்டுட்டேன். மறுநாள்லேர்ந்து அவரு செட்டுல வரல. அதுக்குத்தானே வரல?"

"அதெல்லாம் இல்லீங்க" என்றேன்.

"அப்பறம் எதுக்கு வரல?"

என்னிடம் பதில் இருந்தது. ஒரே வரிதான். சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, தன் வார்த்தைதான் காரணம் என்று புரிந்துகொண்ட மாதிரி கையை விட்டார். சித்தூர் பஸ் வந்தது. கண்டக்டர் கை கொடுத்து ஏற்றினார். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்த வார்த்தைக்கு நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். அது எனக்கு மட்டும்தான் தெரியும், பாவா.