செனட்டர் போட்ட கையெழுத்து

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி தேவலையா? வாஷிங்டனில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

"நீ அவர் ஆபீஸ்ல இருக்கறதாலதான் செனட்டரே கையெழுத்துப் போட்டு பதில் எழுதியிருக்காரு, ஃபிரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கேன்" என்று போனில் சொன்னாயே, நான் பேச்சை மாற்றிவிட்டேன். தம்பியைப் போர்முனையிலிருந்து திருப்பி அழைக்கச் சொல்லி நீ எழுதினாய்; அப்படித் தங்கள் பிள்ளைகளுக்காக எழுதும் எல்லாருக்கும் போகிற பதில்தான் அது. கையெழுத்து மெஷின் போட்டது. வாசகம் நான் எழுதியது. "உங்கள் கவலை என் கவலை" என்ற வரியை மேலதிகாரி பாராட்டினார். போருக்கு இன்னும் ஆட்களை அனுப்பத்தான் செனட்டர் ஓட்டுப் போடப்போகிறார். உன் கடிதம் வருமுன்பே அது முடிவாகிவிட்டது.

தம்பி வெஸ்லியின் பழைய ஸ்வெட்டரை அனுப்பி வை, இங்கே குளிர்கிறது. போன் அடிக்கிறது, நிறுத்துகிறேன். இனி எனக்கே எழுது அம்மா. எப்படியும் பதில் எழுதப்போவது நான்தான்.

உன் மகள்,
டெல்லா