கண்டும் சொல்லாத வெடிப்பு

மச்சான்,

இன்று காலை முகத்துவாரத்தை அடைத்திருந்த மணலை வெட்டிவிட்டார்கள். மாரி மழையில் தளும்பி நின்ற வாவி கடலுக்குள் இறங்கிப்போய், மத்தியானத்துக்குள் கரைச்சேறு நாறத் தொடங்கிவிட்டது. ஊருக்கெல்லாம் வெள்ளம் வடிந்த சந்தோஷம். எனக்கு அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் உன் முகம்தான் வந்தது.

உலக யுத்தம் தொடங்கிய வருஷத்து மாரி. தன்னாமுனையில் வாவியோரக் களிமண் குழியில், செங்கல் சூளைக்கு நீயும் நானும் மண் வெட்டினோம். ஏறாவூரிலிருந்து விடியவே நடந்து வருவாய். குழிச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்க்காமல் இறங்கமாட்டாய். "நாடி எப்பிடிப் போகுது, பரியாரி?" என்று கேலி பண்ணுவோம். நீயும் சிரிப்பாய், கையை மட்டும் எடுக்கமாட்டாய்.

அந்த முறையும் இப்படித்தான் முகத்துவாரம் வெட்டி வாவி வற்றியது. குழித் தண்ணீரையும் இறைத்துவிட்டோம். சூளை பல நாள் அவிந்து கிடந்ததால் முதலாளிக்குப் பொறுமையில்லை. இறங்கச் சொன்னார். நீதான் மறித்தாய்.

"நாலு நாள் பொறுங்க மொதலாளி. தண்ணி நிண்ட மட்டும் அதுதான் செவரத் தாங்கிட்டு நிண்ட. செவருக்குள்ள ஊறின தண்ணி இன்னும் வடியல்ல. மேல வெடிச்சும் கிடக்கு."

முதலாளி என்னைப் பார்த்தார். "நீ கண்டியா வெடிப்ப?"

கண்டிருந்தேன். குழி விளிம்பில் புல்லுக்குள் மறைந்து கிடந்த அந்த வெடிப்பில் அன்று காலையில்தான் என் கால் கணுக்கால் வரை இறங்கியது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. "நான் காணல்ல மொதலாளி" என்றேன்.

அவருக்கு அது போதும். போய்ப் பார்க்கவுமில்லை. வேலைக்காரரைக் குழப்புகிறாய் என்று உன்னை அப்போதே வேலையை விட்டு நிறுத்திவிட்டார். நீ என்னை ஒருமுறை பார்த்தாய், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாய்.

மூன்றாம் நாள் நாங்கள் சாப்பிட மேலே ஏறியிருந்த நேரம், சுவர் அப்படியே சரிந்து குழியை மூடியது. ஒருவரும் சாகவில்லை. அன்றே உன்னைத் தேடி ஏறாவூருக்கு ஓடினேன். காரீயச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய்விட்டாய் என்றார்கள். அடுத்த மாரியில் செய்தி வந்தது: பக்கத்தில் கைவிட்ட பழைய சுரங்கத்தில் தேங்கிய தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்து, கீழே நின்ற உங்களை மூடிவிட்டதாம். அங்கும் நீ சுவரைத் தடவிப் பார்த்திருப்பாய். கேட்பதற்குத்தான் யார் இருந்தார்களோ.

இப்போது அந்தக் குழிக்கு நான்தான் மேற்பார்வை. வாவி வற்றினால் ஒரு கிழமைக்கு ஒருவரையும் இறக்கமாட்டேன். ஊரார் என்னை நிதானக்காரன் என்கிறார்கள். வெட்கமாயிருக்கிறது.

இன்று பின்னேரம் உன் வீட்டுக்குப் போய் உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வைவாள் என்றுதான் தலையைக் குனிந்து நின்றேன்.

"அவருக்குத் தெரியுமே அண்ணன்," என்றாள். "நீங்க வெடிப்புக்குள்ள இருந்து கால இழுத்தெடுத்தத அவரு கண்டவராம். 'நான் அதச் சொன்னா அவன்ட வேலயும் போயிரும், அவனுக்கு நாலு புள்ள' எண்டாரு."

உனக்கும் நாலு பிள்ளைகள்தானே, மச்சான். அதை அவள் சொல்லவில்லை. நான்தான் வழிநெடுக நினைத்துக்கொண்டு வந்தேன்.