கேட்காமலே வாங்கும் பெட்டிகள்

பிப்ரவரி 9

விளம்பரப் படத்தில் முதலில் கண்ணில் பட்டது ஒரு வட்டத் தடம். இடப்பக்க ஸ்பீக்கரின் மரத் தலையில், தேநீர்க் கிண்ணம் வைத்து எடுத்தது போல வெளிறிப் போயிருந்தது. விலையைக்கூட அப்புறம்தான் பார்த்தேன். இவ்வளவு கொடுத்து வாங்கிவிட்டு அதை மேசையாக்கியவர் எப்படிப்பட்ட ஆள்?

விற்பவர் பெயர் ஷாமில், ஊர் கரகோல். ஜோடிக்கு இருபது வயது, என்னைவிட மூன்று அதிகம். அதே காசுக்கு அல்மாத்திக் கடையில் புத்தம் புதியது வரும், ஆனால் உயரத்தில் பாதி.

இரண்டையுமே கேட்டுப் பார்க்க வழியில்லை. கரகோலுக்குப் போகக் கணவாயில் பனி. அல்மாத்திக்கு எல்லை தாண்ட வேண்டும். தாண்டினாலும் அந்தக் கடையில் அது இல்லை, பணம் கட்டினால்தான் வரவழைப்பார்களாம். எங்கள் ஊர் நாரினில் இப்படி ஒன்று யார் வீட்டிலும் கிடையாது.

அண்ணியோடு இரண்டு குளிர்காலம் திரைச்சீலை தைத்த காசு. தப்பாக வாங்கினால் இன்னும் இரண்டு குளிர்காலம் தைக்க வேண்டும்.

பிப்ரவரி 10

அண்ணன் கொண்டுவந்து போட்ட பழைய ஆம்ப்ளிஃபயரில் கார் கதவு ஸ்பீக்கரை மாட்டித்தான் இப்போது கேட்கிறேன். கோமுஸ் வாத்தியத்தின் மூன்று நரம்பும் ஒரே நரம்பாகக் கேட்கிறது. அண்ணி, "பாட்டு வந்தா போதாதா உனக்கு?" என்கிறாள். போதாது. எப்படிச் சொல்ல?

பிப்ரவரி 12

அல்மாத்திக் கடைக்காரர் தௌலெத் குரல் செய்தியாக அனுப்பித் தள்ளுகிறார். "தங்கச்சி, கேட்டவங்க அத்தனை பேரும் அழுதுட்டாங்க!" கூடவே ஒரு வீடியோ: "சத்தத்தப் பாருங்க!" அதை நான் எதில் கேட்பது? என் செல்போனில். அப்படியானால் நான் கேட்டது என் செல்போனைத்தானே? ஐயோ.

இணையத்தில் தேடினேன். ஒருவர் புதிதுதான் என்கிறார், இன்னொருவர் பழையதுதான் என்கிறார், மூன்றாமவர் அறைதான் முக்கியம் என்கிறார். அறையை எங்கே போய் வாங்குவேன்?

பிப்ரவரி 13

ஷாமிலுக்குப் போன் செய்யவில்லை.

பிப்ரவரி 14

இன்றும் இல்லை. எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். பள்ளியில் கரும்பலகை முன்னால் வாய் ஒட்டிக்கொள்ளுமே, அதே வாய். ஒன்பதாவதோடு நின்றதால் அது சரியாகிவிடவில்லை.

பிப்ரவரி 17

எல்லாம் கெட்டது. அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

பக்கத்து வீட்டில் சாப்பாட்டுக்குப் போனவர், "ஒன்பதாவதோட நின்ன பொண்ணுன்னு சொன்னீங்களே, புத்தம் புது வெளிநாட்டு ஸ்பீக்கர் வாங்குறா, தன் கைக்காசுல!" என்று பெருமை அடித்திருக்கிறார். நான் இன்னும் எதையும் முடிவு செய்யவே இல்லை! திட்டவும் முடியவில்லை. அவர் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

பிப்ரவரி 18

அப்பாவின் அக்கா புருல் அத்தை காலையிலேயே வந்துவிட்டார். கையில் வெள்ளைச் சால்வை, மிட்டாய்ப் பெட்டி. எதற்கு? ஸ்பீக்கருக்குக் கோரும்துக்! வீட்டுக்கு வந்த மருமகளை, குழந்தையை, காரை முதன்முதலாகப் பார்க்கிறவர் அந்தப் பரிசைக் கொடுப்பது சரி. வராத பெட்டிக்கா?

"எங்கடி அது?"

"இன்னும் வரல அத்தை."

"வரலேன்னா என்ன? வர்றன்னிக்கி எனக்கு முட்டி வலி வந்துட்டா? பிடி, பிடி."

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அத்தை போனதும், "கோரும்துக் வாங்கியாச்சு, இனி புதுசுதான்" என்றார்.

"அந்தப் பழசு பெருசுப்பா…"

"பழச வச்சிக்கிட்டு யார்கிட்ட முகத்தக் காட்டுவேன்? வாங்குன சால்வைய அக்காகிட்டத் திருப்பிக் குடுக்கச் சொல்றியா?"

என் காசு. என் காது. முடிவு மட்டும் ஒரு சால்வையுடையது! அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு.

பிப்ரவரி 20

கோபத்தில் ஒரு நல்லது: இருவரிடமும் ஒரே கேள்வி கேட்டேன். "இதில் என்ன குறை?"

தௌலெத்துக்கு எழுதிக் கேட்டேன். நொடியில் பதில்: "குறையா? குறையே கிடையாது தங்கச்சி. ஆனா பிரிச்சிட்டா திருப்பி எடுக்க மாட்டோம்."

ஷாமிலுக்குப் போன் செய்தேன். நானேதான்!

"குறைதானே? எழுதிக்கோ" என்றார். இடப்பக்கத்தில் கீச்சுக் குரல் வரும் சின்ன வட்டு ஒரு முறை போய், வேறொன்று போட்டதாம். "அந்தப் பக்கம் கொஞ்சம் கூர்மையாக் கேக்கும். ஒரு வாரத்துல பழகிடும். பழகலேன்னா என்னைத் திட்டு. அப்புறம், நான் சொல்றத ரொம்ப நம்பாத. நான் விக்கிறவன்."

மரத் தலையில் இருந்த அந்த வட்டத் தடத்தைப் பற்றிக் கேட்டேன்.

"என் பொண்டாட்டி! வீட்டுல அத்தனை மேசை இருக்கு. பாட்டு போட்டா அது பக்கத்துலயே உக்காந்துக்குவா, டீய அது தலைல வச்சிட்டு மறந்துடுவா. இருபது வருஷமா இதே சண்டை." பின்னால் ஒரு பெண் குரல்: "அந்த ஆறின டீயையும் நீதானேய்யா குடிச்ச!"

இப்போது மகன் குடும்பத்தோடு வந்துவிட்டான், தொட்டில் போட இடமில்லை, அதனால் விற்கிறார்கள்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. எனக்கு என்னவோ அந்த ஸ்பீக்கரையே கேட்டுவிட்ட மாதிரி இருந்தது. இது முட்டாள்தனமா?

பிப்ரவரி 21

பணம் அனுப்பிவிட்டேன். ஷாமிலுக்கு. அண்ணன் மெதெருக்கு மட்டும்தான் தெரியும்.

பிப்ரவரி 22

பயமாக இருக்கிறது. அந்தப் பக்கம் கூர்மை என்றால் எவ்வளவு கூர்மை?

பிப்ரவரி 26

அண்ணன் தன் டாக்சியில் பிஷ்கெக்கிலிருந்து திரும்பும் வழியில் பலிக்சி பேருந்து நிலையத்தில் வாங்கிவந்தான். ஷாமில் அங்குவரை கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அங்கே எதில் மாட்டிக் கேட்பது? "ஏறவேண்டிய ரெண்டு பேர விட்டுட்டு ரெண்டு பெட்டிய ஏத்திக்கிட்டு வந்திருக்கேன். ஒவ்வொண்ணும் கொழுத்த கிடா கனம். பாடலேன்னா அறுத்துச் சாப்பிடலாம்" என்றான்.

போர்வையைப் பிரிப்பதற்குள் அத்தை வந்துவிட்டார். யார் சொன்னார்கள்? இந்தத் தெருவில் எதையும் யாரும் சொல்லத் தேவையே இல்லை. அப்பா அந்த வட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. பிறகு அத்தையிடம், "புதுசு, அக்கா. வழியில கொஞ்சம் கீறிடிச்சு" என்றார்.

நான் அப்படியே விட்டிருக்கலாம். எப்போதும் விடுகிறவள்தானே.

"பழசு அத்தை" என்றேன். "இருபது வருஷம் வேற வீட்டுல இருந்தது. நான்தான் வாங்கினேன். சால்வையத் திருப்பித் தந்துடறேன்."

அண்ணி அடுப்பங்கரைக்குள் நழுவினாள். அத்தை அப்பாவைத்தான் பார்த்தார்.

"ஏன் தம்பி பொய் சொன்ன?"

"பழசுக்குப் போய் கோரும்துக் வாங்கிட்டோமேன்னுதான் அக்கா…"

"ஓ. நான் ரெண்டாந்தாரமாப் போனப்ப எனக்கு எத்தன சால்வை போட்டாங்க, ஞாபகம் இருக்கா?"

அப்பா பிரித்த போர்வையை மடிக்க ஆரம்பித்தார்.

"முத வீட்டுல ஏழு வருஷம் இருந்துட்டு வந்தவ நான். அந்த வீட்டுக்கு நான் புதுசு, அதனால போட்டாங்க. இல்ல, நானும் பழைய சாமான்தானா? சொல்லு, கேப்போம்."

"அக்கா, நான் அப்படிச் சொல்வேனா…"

"அப்ப வாய மூடு. எங்கடி அந்தச் சால்வை?"

எடுத்துக் கொடுத்தேன். மணப்பெண்ணுக்குப் போடுவது போல இடப்பக்கப் பெட்டியின் தலையில் போட்டார். "மூஞ்சியத் தொறந்து காட்டு. நான் கோரும்துக் குடுத்தவ."

சால்வையை விலக்கினேன். மாட்டினேன். ஒரு கம்பி இரண்டு முறை கழன்றது. கோமுஸ் போட்டேன்.

மூன்று நரம்பு. மூன்றும் தனித்தனியாக. இடப்பக்கம் கொஞ்சம் கூர்மைதான், அவர் சொன்னபடி.

அண்ணன் சாவியை ஆட்டுவதை நிறுத்தினான். அப்பா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணி கொடுத்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்த அத்தை, கண்ணை எடுக்காமல், கிண்ணத்தைப் பக்கத்தில் இருந்த பெட்டியின் தலையில் வைத்தார். அந்த வட்டத்தின் மேலேயே.

நான் எழுந்துபோய், தையல் கூடையிலிருந்து ஒரு கம்பளித் துண்டை எடுத்து, கிண்ணத்தைத் தூக்கி, அடியில் வைத்தேன்.